நட்சத்திரம் பார்த்த கடிகாரம்

விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைச் சேகரிக்கும் அன்பர்களுக்குக் குரோனோகிராப் என்னும் வகையின்மீது தனிப் பிரியம் உண்டு. சாவி கொடுக்கும் குமிழுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தான். முகப்பினுள் இரண்டு மூன்று சிறு வட்டங்கள். மேற்பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் நெடிய விநாடி முள் புறப்பட்டு, மறுபடி அழுத்தினால் நின்று, கீழ்ப்பொத்தானைத் தொட்டதும் ஒரே தாவலில் உச்சிக்குத் திரும்பிவிடும். புதிதாக ஒன்றை வாங்கியவர் சாப்பாட்டையும் மறந்து அதை அழுத்தி அழுத்திப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த ஆனந்தம் நியாயமானதே. ஆனால் அதன் பூர்வோத்தரத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பந்தயங்களோடு நின்றுவிடுகிறார்கள். 1821-இல் பாரிஸ் நகரத்துக் குதிரைப் பந்தயத்தில் ரியுசெக் என்பவர், சுழலும் முகப்பில் மைத்துளி இட்டுக் காலத்தைக் குறித்தது மெய்தான். அதற்கு ஐந்தாண்டு முன்னரே லூயி முவானே என்பவர் விநாடியை அறுபது கூறாக்கிக் காட்டும் கருவியைச் செய்து முடித்திருந்தார். அவர் அதைச் செய்தது நட்சத்திரங்களைக் கவனிப்பதற்காக.

நட்சத்திரத்துக்காக விநாடியை எண்ணிய அந்தப் பரம்பரையின் மூத்த யந்திரம் ஒன்று நம் பழனி மலைத் தொடரிலேயே, கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்பது சேகரிப்பாளர்களில் பலர் அறியாத விஷயம். லண்டன் ஜான் ஷெல்டன் செய்த ஊசற்கடிகாரம் அது. 1769-இல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்த காட்சியைக் கணிக்கக் கேப்டன் குக் தாஹித்தித் தீவுக்குச் சென்றபோது உடன் கொண்டுபோனதும் இவர் கைவேலைதான். 1786-இல் சென்னை எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வுக்கூடத்தின் கருவிகள், இந்த ஷெல்டன் கடிகாரம் உட்பட, கம்பெனியாருக்கு உரிமையாகி, மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் கட்டிய ஆய்வுக்கூடத்துக்கு 1792-இல் வந்து சேர்ந்தன.

அந்நாளில் வானியலார் வேலை செய்த விதத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கடிகார முகப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதன் ‘டிக்’ ஒலியை மனத்துக்குள் எண்ணியபடியே தொலைநோக்கியில் கண் வைத்து, உள்ளே கட்டிய மெல்லிழையை நட்சத்திரம் கடக்கும் கணம் எந்த இரண்டு ஒலிகளுக்கு நடுவே, விநாடியில் எத்தனை பத்திலொரு பங்கில் விழுகிறது என்று அவர் நிதானித்துச் சொல்லுவார். கண்ணும் காதும் சேர்ந்து செய்த இந்தத் தபசிலிருந்துதான் சென்னையின் தீர்க்கரேகை பிறந்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்திய ‘மதராஸ் நேரம்’ பிறந்தது. இந்திய ரயில்கள் நெடுங்காலம் அந்த நேரப்படியே ஓடின. 1906-இல்தான் இந்தியாவுக்கெல்லாம் பொதுவான நேரம் ஏற்பட்டது. எண்ணும் பாரத்தைச் செவியிலிருந்து இறக்கிவைக்கப் பிற்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் வந்த சாதனமும் குரோனோகிராப்தான்: சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தில் கடிகாரத்தோடு மின்கம்பியால் இணைந்த பேனா விநாடிக்கொரு பல் இழைக்க, நட்சத்திரம் கடக்கும்போது பார்ப்பவர் பொத்தானை அழுத்துவார். இன்று மணிக்கட்டில் நம் விரல் அழுத்தும் பொத்தான் அதற்கு நெருங்கிய உறவு.

சூரியனை ஆராய்வதற்குச் சென்னையின் வானம் போதவில்லை. வானியலார் மிக்கி ஸ்மித் துரை மலைகளை ஆராய்ந்து கோடைக்கானலைத் தேர்ந்தெடுக்க, 1895-இல் கவர்னர் வென்லாக் பிரபு அஸ்திவாரக்கல் நாட்ட, 1899-இல் அலுவல் இடம் மாறியது. டாப்பிங்கின் பெயரைத் தாங்கிய பத்து டன் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது, கடிகாரம் மலையேறியது. கடற்கரையின் புழுக்கத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்துக் குளிருக்கு வந்தால் சாதாரண ஊசல் சுருங்கும்; அந்தச் சுருக்கம் கடிகாரத்தை வேகப்படுத்தப் பார்க்கும். ஷெல்டன் கடிகாரங்களின் ஊசலோ எஃகுக் கம்பிகளும் பித்தளைக் கம்பிகளும் மாறிமாறி நின்று, ஒன்று நீண்டு கீழே தள்ளுவதை மற்றது நீண்டு மேலே தூக்கி ஈடுசெய்யும்படி அமைந்தது. கடிகாரக் கலைஞர் ஹாரிஸன் கண்ட இந்த உபாயத்தைப்போல் எளிமையும் அறிவும் ஒருங்கே கூடிய பொருளை, இக்காலத்து உயர்தரக் கைக்கடிகாரங்களிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

மலையேறிய நோக்கமும் வீண்போகவில்லை. 1904 முதல் கோடைக்கானலில் சூரியனை விசேஷ நிறவொளியில் படமெடுத்து வந்தார்கள். 1909 ஜனவரியில் அங்கிருந்த வானியலார் எவர்ஷெட், சூரியக் களங்கங்களில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

லட்சக்கணக்கில் பணம் கொடுத்துக் குரோனோகிராப் வாங்கும் அன்பர்கள், கோடைக்கானலுக்குப் போனால் ஏரியைச் சுற்றியதோடு திரும்பிவிட வேண்டாம். ஆய்வுக்கூடம் இருக்கும் குன்றுக்கும் ஏறி, தங்கள் கைப்பொருளின் முன்னோர் செய்த பணியை அங்கே விசாரித்து அறிந்து வருவார்களாக.