வைரச் சந்தையும் வாணிகக் கல்வியும்



அயல்நாட்டு வாணிகத்தைப் பட்டப்படிப்பாகப் பயிலலாம் என்பது அண்மைக் காலத்தில் தோன்றிய வழக்கம். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை அப்பாடத்தை விரும்பினால், பெற்றோர் சிலர், "வாணிகம் கடைத்தெருவில் கற்பதன்றோ? அதற்குக் கல்லூரி எதற்கு?" என வினவுவர். ஐதராபாத்தில் குடியேறிய தமிழர்க்கு இவ்வினாவின் விடை அந்நகரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1591-இல் ஐதராபாத்தை நிறுவிய குதுப் ஷாஹி மன்னர்களின் கோல்கொண்டா அரசுக்குக் கடல்வாயிலாக விளங்கியது மசூலிப்பட்டினம். ஆங்கிலேயர் அங்குப் பண்டகசாலை அமைத்தது 1611-இல்; அதாவது, சென்னையில் அவர்கள் இடம் பெறுவதற்கு 28 ஆண்டுகள் முன்னர். டச்சுக்காரர் அவர்களுக்கும் முன்பே வந்துவிட்டனர். வெள்ளியைக் கொடுத்து இங்கே துணி வாங்கி, அத்துணியைக் கீழ்த்திசைத் தீவுகளில் கொடுத்து நறுமணப் பொருள் பெறுவது அவர்கள் கண்ட முறை. மூன்று நாடுகளின் தேவையை ஒருசேர அறிந்தவனே அவ்வாணிகத்தில் நிலைத்தான்.

அவ்வறிவை இளைஞர் எவ்வாறு பெற்றனர்? பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, 1676-இல் வெளிவந்த தம் பயண நூலில் ஒரு காட்சியை வரைந்துள்ளார். கோல்கொண்டாவிலிருந்து ஐந்து நாள் பயணத் தொலைவில் ராவோல்கொண்டா என்னும் வைரச் சுரங்க ஊர் இருந்தது. அதன் சதுக்கத்தில், பெருமரம் ஒன்றன் நிழலில், பத்து முதல் பதினாறு வயது வரையுள்ள வணிகச் சிறுவர் நாள்தோறும் காலையில் வந்து அமர்வர். ஒருபுறம் வைர எடைக்கற்கள் கொண்ட பை, மறுபுறம் பணப்பை. சிலருடைய பையில் 600 வராகன் வரையும் இருக்குமாம்! விற்பவர் கொணரும் கல் முதலில் மூத்த சிறுவனிடம் சேரும். அவன் பார்த்து அடுத்தவனிடம் தருவான். ஒரு சொல்லும் பேசாமல் அது கைமாறிச் சுற்றி அவனிடமே மீளும். பின்னரே அவன் விலை பேசுவான். மிகுவிலை கொடுத்து வாங்கிவிட்டால் அந்நட்டம் அவனையே சாரும். மாலையில் கற்களைத் தரம் பிரித்துப் பெருவணிகர்க்கு விற்று, ஊதியத்தைப் பகிர்ந்துகொள்வர். தலைவனுக்கு மட்டும் நூற்றுக்குக் கால் வீதம் மிகுதி.

பெரியோரின் பேரமோ துணிமறைவில் கைகளாலேயே நடந்தது. முழுக் கையையும் பற்றினால் 1000. ஒரு விரலைப் பற்றினால் 100. மொழி வேறுபட்ட வணிகர்க்கும் இக்குறி போதும்.

கூர்ந்து நோக்கினால், அம்மரத்தடியில் பாடத்திட்டம் ஒன்று இருந்தமை புலனாகும். சரக்கை மதிப்பிடுதல், கூடி ஆராய்தல், முடிவுக்குப் பொறுப்பேற்றல், கணக்கு முடித்தல் ஆகியவையே அதன் பகுதிகள். ஆகவே வாணிகம் தானாகவே வந்துவிடும் என்று அக்கால வணிகரும் எண்ணவில்லை, முறையாகவே கற்பித்தனர்.

எனினும், சந்தை கற்பிக்காத பாடம் ஒன்று உண்டு, அது அரசியல். 1759-இல் மசூலிப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1766 உடன்படிக்கையால் கடற்கரையின் பெரும்பகுதியும் நிஜாமின் ஆட்சியினின்று நீங்கியது. 1802-இல் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கையின் வழியாகவே அத்துறைமுகத்தைப் பயன்படுத்தும் உரிமையை நிஜாம் அரசு பெற வேண்டியதாயிற்று. நாணயமும் வேறாகவே இருந்தது. ஐதராபாத்து ஒன்றியத்தோடு இணைந்த பின்னரும் சில ஆண்டுகள், ஹாலி சிக்கா 7 கொடுத்தே இந்திய ரூபாய் 6 பெற முடிந்தது. 1959-இல்தான் அந்நாணயம் செல்லாததாயிற்று. உடன்படிக்கை, சுங்கம், நாணயமாற்று ஆகியவற்றை அறியாத வணிகன், கல்லின் தரம் தெரிந்தும் நட்டமடைவான்.

கல்லூரி நிரப்பும் இடைவெளி இதுவே. 1886-இல் சென்னையில் பச்சையப்பர் அறக்கட்டளையார் வாணிகப் பள்ளி தொடங்கினர். 1913-இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி எழுந்தது. 1963-இல் தில்லியில் அயல்நாட்டு வாணிகத்துக்கெனவே தனி நிறுவனம் அமைந்தது. ஐதராபாத்து நிஜாம் கல்லூரியோ, 1887 முதல் 1947 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அந்நகர மாணவர் தம் ஊரிலேயே படித்துச் சென்னைப் பட்டம் பெற்றனர். எல்லை கடந்த கல்வியுறவும் அந்நகருக்குப் புதிதன்று.

ஆதலின், சந்தையா கல்லூரியா என்னும் வினா பொருந்தாது. சரக்கின் தரத்தையும் மனிதர் இயல்பையும் சந்தை கற்பிக்கும். சட்டத்தையும் நாணயத்தையும் நாடுகளின் போக்கையும் கல்லூரி கற்பிக்கும். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் உருதுவும் கேட்டு வளரும் பிள்ளைக்கு முதற்பாடம் முன்னரே தொடங்கிவிட்டது. எஞ்சியதை முறையாகக் கற்க வழிசெய்வது பெற்றோர் கடன்.