28 கட்டங்கள், 5 பைகள்

எஃகுக் கட்டி ஒன்று உருக்க ஓர் இரும்புத் தாதும் 2 நிலக்கரியும் வேண்டும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆட்டத்தில் நம் பைக்கு 28 கட்டங்கள். தாதுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது. ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். 9 இரும்பு, 18 நிலக்கரி, ஆக 27. ஒரு நடைக்கு 9 கட்டிகள், ஒரு கட்டம் காலி. மித்ரில் என்றால் ஒரு தாதுக்கு 4 நிலக்கரி, அதனால் நடைக்கு ஐந்தே கட்டிகள். கொல்லர் வேலையில் லெவல் ஏற்றுகிறவர்கள் வங்கிக்கும் உலைக்கும் இடையே உள்ள நடைகளைத்தான் எண்ணுவார்கள்.

இந்த 28 முதல் நாளில் எவ்வளவோ, ஒரு திறமை 99-ஆம் லெவலைத் தொடும் நாளிலும் அவ்வளவே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் வேறு வழியில் போகிறது. அங்கே 16 கட்டமுள்ள முதுகுப்பை ஒன்றும், கூடுதல் பை மாட்ட 4 காலி இடங்களும் தந்து அனுப்புவார்கள். தொடக்கத்தில் 6 கட்ட லினன் பை, பிறகு 10 கட்டப் பட்டுப் பை, லெவல் 60-ஐ நெருங்கும்போது 14 கட்ட ரூன்துணிப் பை. நான்கும் ரூன்துணியானால் மொத்தம் 72. ஒன்றில் கொள்ளளவு விதி, மற்றதில் அது நாம் சம்பாதித்துச் சேர்ப்பது. இரண்டிலும் லெவல் ஏற்றியவன் என்ற முறையில், சரக்கைக் கையாளக் கற்றுக்கொள்ள ரூன்ஸ்கேப்தான் நல்ல பள்ளிக்கூடம் என்பேன்.

காரணம், அங்கே புறப்படும் முன்பே முடிவெடுத்தாக வேண்டும். வாராக் நகருக்குத் தென்கிழக்கே இருக்கும் சுரங்கத்தில் இரும்பு வெட்டுகிறோம் என்று வையுங்கள். குந்தாலி பைக்குள் இருந்தால் 27 தாதுகளே கொள்ளும். தாக்குதல் லெவல் போதுமென்றால் அதைக் கையில் பிடித்துக்கொள்ளலாம், உடனே 28. ஒரு தாதுக்கு 35 அனுபவப் புள்ளி வீதம் ஒரு பைக்கு 980. பை நிறைந்ததும் வங்கிக்கு நடப்பதா, எல்லாவற்றையும் அங்கேயே கீழே போட்டுவிட்டு அடுத்த பாறைக்குப் போவதா? லெவல் மட்டும் போதும் என்றால் கீழே போடுவதே சரி. மனசு வராதுதான். ஆனால் வங்கிக்கு நடக்கும் நேரத்தில் பாறைகள் நமக்காகக் காத்திருந்து வீணாகின்றன.

சண்டைக்குப் போகும்போது கணக்கு இன்னும் நுணுக்கமாகும். சிங்கி இறால் 12 உயிர்ப்புள்ளி தரும், சுறா 20 தரும். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு கட்டம். விலை குறைவென்று 10 இறால் கட்டிக்கொண்டு போனால் 120 புள்ளி. அதே 120-ஐ 6 சுறா தந்துவிடும். மிச்சமாகும் 4 கட்டங்கள் கிடைக்கும் பொருளுக்கு. சாப்பிடச் சாப்பிட இடம் காலியாகிறது, அந்த இடத்தில் கொள்ளைப்பொருள் வந்து உட்காருகிறது. உணவு தீரும் நேரமும் பை நிறையும் நேரமும் ஒன்றாக வந்தால் அந்தப் பயணத்துக்குக் கட்டுச்சோறு சரியாகக் கட்டியிருக்கிறோம் என்று பொருள்.

வார்கிராஃப்டில் கட்டுச்சோறு வழியிலேயே விளைகிறது. மனித எதிரிகளை வீழ்த்தினால் லினன் துணி விழும். ஒரு கட்டத்தில் 20 துணி நிற்கும். இரண்டு துணிக்கு ஒரு கனத்த கட்டுத்துணி வீதம் செய்தால், இரண்டு கட்டத்தில் இருந்த 40 துணி ஒரே கட்டத்தில் 20 கட்டுகளாகச் சுருங்கிவிடும். இடமும் மிச்சம், மருந்தும் கையில். மந்திரவாதி தண்ணீரையும் ரொட்டியையும் தானே வரவழைத்துக்கொள்வார். இடம் விஷயத்தில் பாவம் வார்லாக். ஒவ்வோர் ஆன்மாத் துண்டும் அடுக்காமல் தனிக் கட்டம் கேட்கும். வில்லாளியின் அம்பறாத்தூணி ஒரு பையின் இடத்தையே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இந்தத் தாராளமே ஆளைக் கெடுக்கிறது. வெஸ்ட்ஃபாலில் சால்டீன் பண்ணைக்காரி ஒரு கூட்டு வைக்கச் சாமான் கேட்பாள்: பிணந்தின்னிக் கழுகின் இறைச்சி 3, காட்டுப்பன்றியின் மூக்கு 3, மர்லாக் கண் 3, வெண்டைக்காய் 3. அதே பண்ணையில் இன்னொரு பலகாரத்துக்குப் பன்றி ஈரல் 8 வேண்டும். எல்லாப் பன்றியிலும் ஈரல் கிடைக்காது என்பதால் இந்த வேலை நாளெல்லாம் இழுக்கும். 12 லெவலில் சின்னப் பைகளோடு திரிகிறவரிடம் இதற்கே 5 கட்டங்கள் போய்விடும். மீதியில் உடைந்த பல், கிழிந்த தோல் என்று சாம்பல் நிறப் பொருள்கள். முதன்முறை ஆடியபோது எதையும் எறிய மனமில்லாமல் எல்லாவற்றையும் சுமந்தேன். நல்ல கவசம் ஒன்று விழுந்தபோது அதை எடுக்க இடமில்லை. பிற்பாடு ரூன்ஸ்கேப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தேன்: வேட்டைக்குப் புறப்படும் முன் எத்தனை கட்டம் காலியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவது, நிறைந்ததும் ஒரு முழு அடுக்குக்கு மிகக் குறைவாக விலைபோகும் பொருளை யோசிக்காமல் எறிவது. வார்கிராஃப்டில் மட்டும் ஆடியவர் ரூன்ஸ்கேப்புக்கு வந்தால் இப்படிக் கைகொடுக்கும் பழக்கம் எதுவும் அவரிடம் இருக்காது.

ஊர் திரும்புவதற்கும் இடம் ஒதுக்க வேண்டும். வாராக்குக்குத் தாவும் மந்திரத்துக்கு 1 லா ரூன், 3 காற்று ரூன், 1 நெருப்பு ரூன் தேவை. ரூன்கள் அடுக்கும் என்றாலும் மூன்று வகைக்கு மூன்று கட்டம். காற்றுக்கோலைக் கையில் பிடித்தால் இரண்டு கட்டம் போதும். மந்திரப் பலகை வாங்கிவிட்டால் ஒன்றே போதும். செலவு செய்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். வார்கிராஃப்டில் ஹார்த்ஸ்டோன் ஒரு கட்டம்தான் கேட்கும், காசும் கேட்காது. ஆனால் ஒருமுறை பயன்படுத்தினால் அடுத்த முறைக்கு 60 நிமிடம் ஆக வேண்டும். கல் தயாராக இன்னும் 20 நிமிடம் இருக்கும்போதே பை நிறைந்துவிட்டால், அந்த 20 நிமிடமும் ஒவ்வொரு பிணத்தின் முன்பும் நின்று, எதை எறியலாம் என்று பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.