ஒரே ஒரு கண்ணி: நரசாப்பூர் குரோஷாவும் 'ஓய்வுநேரம்' என்ற கணக்கும்

கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பெண்கள் குரோஷா ஊசியால் பின்னும் பருத்தித் துணிகள் நூறாண்டுக்கும் மேலாக வெளிநாட்டு வீடுகளுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. மேசை விரிப்பு, தட்டின் கீழ் இடும் வட்டத்துணி, தலையணை உறை என எல்லாமே வீட்டு அலங்காரப் பொருள்கள். ஓர் இல்லத்தரசியின் சமையலறையையும் சாப்பாட்டு மேசையையும் அழகுசெய்வதற்காக மற்றோர் இல்லத்தரசி பின்னியவை. இவ்விரு பெண்களுக்கும் இடையே நின்ற வணிகச் சங்கிலியின் வரலாறு 'ஓய்வுநேர வேலை' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே அமைந்தது.

1844ஆம் ஆண்டளவில் மெக்ரே என்னும் ஸ்காட்லாந்து மிஷனரி தம்பதியர் இப்பகுதியில் லேஸ் வேலையை அறிமுகப்படுத்தியதாக வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. முதலில் கற்றவர்கள் கிறித்தவம் தழுவிய மாலா, மாதிகா சமூகப் பெண்கள். மிஷன்கள் லேஸ் கற்பித்தது இங்கு மட்டுமன்று. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களிலேயே அதைத் தொடங்கியிருந்தார். ஆனால் நாகர்கோவில் லேஸ் திண்டின்மீது குண்டூசிகள் குத்தி, பல சிறு நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னப்படுவது. நரசாப்பூரில் நிலைபெற்றதோ குரோஷா.

இவ்வேறுபாடு தொழில்நுட்பம் சார்ந்தது மட்டுமன்று. குரோஷாவில் எந்த நேரத்திலும் ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். முன்னர்ப் பின்னிய கண்ணிகள் யாவும் ஏற்கெனவே பூட்டப்பட்டுவிடும். உலை கொதித்தால், குழந்தை அழுதால், அந்த ஒரு கண்ணியைச் சற்று இழுத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடரலாம். தறியைப் போல இடம் அடைக்காது. திண்டைப் போல ஓரிடத்தில் கட்டிப்போடாது. முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்யக்கூடிய இயந்திரமும் கிடையாது. ஆகவே கைக்கு மாற்றும் இல்லை. நாளின் இடுக்குகளுக்குள்ளெல்லாம் நுழையக்கூடிய வேலை என்பதாலேயே, அது வேலையாகவே கண்ணுக்குப் படவில்லை.

அந்த இடுக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ். 1960களில் புனேயில் ஜெர்மன் மொழி கற்பித்தவர் அவர். 1970களின் இறுதியில் நரசாப்பூரில் கள ஆய்வு செய்தார். நூல் 1982இல் வெளிவந்தது. பெண்கள் வீட்டுவேலைகளுக்கு மேலாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம் லேஸ் பின்னினர் என்றும், அதற்குக் கிடைத்த கூலி ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை என்றும் அவர் பதிவுசெய்தார். முகவர் நூலைக் கொடுப்பார். பின்னியதை வாங்கிச் செல்வார். ஒரு வீட்டில் பூ, இன்னொரு வீட்டில் வட்டம் எனத் துண்டு துண்டாகப் பின்னப்பட்டவற்றை வேறொரு பெண் இணைப்பார். முழுத் துணி எவ்வாறு இருக்கும், எந்த நாட்டுக்குப் போகும், என்ன விலைக்கு விற்கும் என்பது பின்னியவருக்குத் தெரியாது. முகவரும் வணிகரும் ஏற்றுமதியாளரும் பெரும்பாலும் ஆண்கள். பசுமைப் புரட்சியில் செல்வம் சேர்த்த விவசாயக் குடும்பத்தினர் சிலரும் இவ்வணிகத்தில் முதலிட்டனர்.

ஆய்வின் மிகக் கூரிய பகுதி சாதியைப் பற்றியது. காலப்போக்கில் காப்பு சமூகத்தின் ஏழைப் பெண்களே லேஸ் பின்னுவோரில் பெரும்பகுதியினர் ஆயினர். வயலுக்குச் செல்லாமல் வீட்டுக்குள் இருப்பது அவர்களுக்குக் குடும்ப கௌரவம். வயலில் கூலிவேலை செய்த தலித் பெண்களோ இவர்களைவிட அதிகம் ஈட்டினர். கௌரவத்தின் விலையைக் கொடுத்தவர் பெண், அதன் இலாபத்தைப் பெற்றவர் ஏற்றுமதியாளர் என்று இதைப் படிப்பதில் தவறில்லை. 'இல்லத்தரசியாக்கம்' என்ற கருத்தாக்கத்தை மீஸ் வளர்த்தெடுத்தது இந்தக் களத்திலிருந்துதான்: உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்பவரை இல்லத்தரசி என்று வரையறுத்துவிட்டால், அவருக்குத் தொழிலாளியின் கூலியைத் தர வேண்டியதில்லை.

அரசின் கணக்கும் இதற்குத் துணைநின்றது. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொருவரின் முதன்மைச் செயல்பாடு எது என்று கேட்டது. 'வீட்டுவேலை' என்று பதிலளித்தவர் முதலில் தொழிலாளர் அல்லாதோர் வரிசைக்கே சென்றார். அந்தக் கேள்விக்குக் கணவர் பதிலளித்திருந்தாலும் மனைவி பதிலளித்திருந்தாலும் விடை மாறியிருக்காது என்பதே இதில் உள்ள சோகம்.

2024இல் நரசாப்பூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. போலிகளிலிருந்து பெயரைக் காக்க அது உதவும். அதை வரவேற்கத்தான் வேண்டும். எனினும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் கைவினைப் பொருள்களைப் பொறுத்தவரை 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்குத் தரும் வரையறையை ஆய்வு மாணவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பொருளைச் செய்பவர் மட்டுமல்லர், அதில் வணிகம் செய்பவரும் அச்சட்டத்தின்படி உற்பத்தியாளரே. துண்டுக்கு என்ன கூலி என்பதைப் பற்றி அச்சட்டம் எதுவும் பேசவில்லை.