ஸ்ரீ நம்பர் காருக்கு என்ன விலை?

பழைய மொறிஸ் மைனர் ஒன்று விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தில் சில சொற்கள் கட்டாயம் இருக்கும். ஒரிஜினல் என்ஜின், ஒரிஜினல் புக், எத்தனையாவது ஓனர், என்ன நம்பர். இந்தக் கடைசி விசயத்துக்குப் பின்னால நம்ம மலையகத்தின் ஒரு கதை இருக்கு.

முதல்ல அமெரிக்காவைப் பார்த்துட்டு வருவோம். பழைய காருக்குப் பைத்தியக்கார விலை கொடுக்கிறதில் அவங்களை யாரும் மிஞ்ச முடியாது. 1969இல் செவ்ரோலே கம்பனி கமாரோ இசட்.எல்.1 என்ற வேகக் காரை 69 மட்டுமே செய்தது. அதன் அலுமினிய என்ஜினுக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே சாதாரண கமாரோ ஒன்றின் விலையைத் தாண்டியது. வாங்க ஆளில்லாமல் டீலர்கள் தலையில் கை வைத்தார்கள். 1971இல் பிளிமத் கம்பனி ஹெமி என்ஜின் போட்ட, கூரை மடக்கும் குடா கார்களை வெறும் 11தான் செய்தது. அதற்கும் காரணம் வாங்க ஆளில்லாததுதான். அந்தப் பதினொன்றில் ஒன்று 2014இல் 35 லட்சம் டொலருக்கு ஏலம் போனது. அன்றைக்கு யாருக்கும் வேண்டாமல் போனதுதான் இன்றைக்கு அபூர்வம்!

மொறிஸ் மைனருக்கும் ஒரு லிமிடெட் எடிஷன் உண்டு. பத்து லட்சமாவது கார் வெளிவந்ததைக் கொண்டாட 1961 வாக்கில் இளம் ஊதா நிறத்தில் சுமார் 350 கார்களை விட்டார்கள். ஆனால் அந்தக் காரின் மொத்த உற்பத்தி 16 லட்சத்துக்கு மேல். இங்கிலாந்தில் அது சாதாரண வீட்டுக் கார். நர்ஸம்மா ஓட்டின கார்னு வச்சிக்கலாம்.

இலங்கையில் அதை அருமையான பொருளாக்கியது எந்த ஃபாக்டரியும் இல்லை, அரசாங்கத்தின் கஜானா. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை புதுக் கார் பார்ப்பதே அதிசயம். இருந்ததை ஓட்டியே ஆகணும். உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் பாஸ்மார் தகட்டைக் கையால் அடித்து மட்கார்டு செய்தார்கள். அந்தக் கைவேலை எவ்வளவு தேறியதென்றால், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையமே தனக்கு வேண்டிய பாகங்களை இலங்கையில் செய்விக்க ஆரம்பித்தது.

டிக்கோயா பக்கம் அந்தக் காலத்தில் கார் என்றால் துரைமாரோடதுதான். டறாவளை கிளப்புக்குப் போவதும் காரில், நுவரெலியா மஹகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் போட்டிக்குப் போவதும் காரில். அதைக் கழுவித் துடைச்சது யார்னு நான் சொல்லத் தேவையில்லை.

இப்ப நம்பருக்கு வருவோம். 1956 வரை கார்களின் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. சி.எல்., சி.என்., ஈ.எல்., ஈ.என். என்று சிலோன் என்ற பெயரிலிருந்தே எடுத்த எழுத்துகள். சிங்களம் மட்டும் சட்டம் வந்த அடுத்த வருசம், 1957 ஜனவரியில், புதிய வண்டிகளின் நம்பருக்கு நடுவே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து ஏறியது. 1956 கடைசியில் பதிவான மைனருக்கும் 1957 தொடக்கத்தில் பதிவான மைனருக்கும் மெக்கானிக் கண்ணில் வித்தியாசமே இல்லை, ரெண்டிலும் அதே 948 சிசி என்ஜின். வித்தியாசம் தகட்டில் மட்டும்.

வடக்கில் அந்த எழுத்தைத் தமிழில் மாற்றி எழுதினார்கள். 1958 மார்ச்சில், புதிதாகத் தேசியமயமான பஸ்கள் ஸ்ரீ தகட்டோடு அங்கே அனுப்பப்பட்டபோது போராட்டம் சூடு பிடித்தது. தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். இந்தக் கலவரம் மலைக்கும் ஏறி வந்தது. 1958 ஏப்ரல் தொடக்கத்தில், நம்மிடமிருந்து நோர்வூட் தாண்டினால் வருகிற பொகவந்தலாவையில், பொலிஸ் சுட்டு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் நாடே எரிந்தது.

யோசிச்சுப் பாருங்க. 1948 சட்டத்தால் பிரஜாவுரிமையே இழந்த ஒரு சமூகம் அது. சொந்தப் பெயரில் வண்டி பதியும் நிலையில் லயத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வண்டித் தகட்டு எழுத்துத் தொடங்கிவைத்த சண்டையில் உயிர் போனது அவர்களுக்கு. 1958 பற்றிய பேச்சு கொழும்பு, பாணந்துறை, யாழ்ப்பாணம் என்று போகும்போது பொகவந்தலாவை அனேகமாக ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் அது நியாயமில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஓடித் தேய்ந்த ஜப்பான் கார்கள்கூட வாங்கின விலையை விடக் கூடுதலாகப் போனது நமக்கெல்லாம் தெரியும். புதிய பதிவுகளில் ஸ்ரீ இல்லாமல் போய் இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஆங்கில எழுத்து நம்பர். பழைய கார்கள் மட்டும் பழைய நம்பரோடயே ஓடுகின்றன. வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்தத் தகடு ஒரிஜினலா என்றுதான்.