பழைய முழுத்திரை நிரல்களின் ஸ்கிரீன்ஷாட்: ஒரு சின்ன வரலாறு

1980, 90களின் கணினி வரலாற்றை எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. நிரல் கையில் இருக்கிறது, புதுக் கணினியில் எப்படியோ ஓடவும் செய்கிறது. ஆனால் பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தி பெயின்ட்டில் ஒட்டினால் வெறும் கறுப்புச் சதுரம். சில நேரம் படம் வரும், வண்ணங்கள் கன்னாபின்னாவென்று மாறியிருக்கும். இன்னும் சில நேரம் எல்லாம் சரியாக வந்த மாதிரியே தெரியும், வட்டமாக இருக்க வேண்டிய நிலா மட்டும் கொஞ்சம் தட்டையாக இருக்கும். மூன்றிலும் இதுதான் ஆபத்தானது. ஏன்னா இதை யாரும் சந்தேகப்படுவதில்லை, அப்படியே புத்தகத்தில் சான்றாக ஏறிவிடும்.

கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிறவர்கள் எந்தக் கல், எந்தப் பக்கம், எப்போது எடுத்தது என்று குறித்து வைப்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்கு அந்தப் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை. அது ஏன் தேவை என்பதைப் புரிந்துகொள்ள, திரை யார் கையில் இருந்தது என்ற கதையைக் கொஞ்சம் பார்க்கணும்.

காகிதத்துக்குப் போன திரை

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டிலேயே பிரின்ட் ஸ்கிரீன் உண்டு. நட்சத்திரக் குறி இருந்த விசையை ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தணும். பெயர் சொன்னதை அது அப்படியே செய்தது: திரையில் இருந்ததை பிரின்டருக்கு அனுப்பியது. கோப்பும் கிடையாது, கிளிப்போர்டும் கிடையாது.

அது எளிதாக நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. அன்றைய எழுத்துத் திரை 80 பத்தி, 25 வரி. மொத்தம் 2,000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 பைட்: ஒன்று எந்த எழுத்து, மற்றது என்ன நிறம். ஆக ஒரு முழுத்திரை 4,000 பைட்டில் முடிந்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 4,000 பைட்டில் படமே இல்லை. 'அ' எப்படி இருக்கும், 'A' எப்படி இருக்கும் என்ற வடிவமெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டில்தான் இருந்தது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

அச்சில் போட வண்ணப் படம் வேண்டுமென்றால் கேமராதான் வழி. அறையை இருட்டாக்கி, கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரை மெதுவாக ஓட்டி எடுக்கணும். பழைய சிஆர்டி மானிட்டர் படத்தை வரி வரியாக, ஒரு வினாடிக்கு 60 தடவை போல வரைந்துகொண்டே இருக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் பாதிப் படமும் ஒரு கறுப்புப் பட்டையும்தான் கிடைக்கும்.

காத்திருந்து பிடித்த நிரல்கள்

டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல். ஓடுகிற நிரல்தான் இயந்திரத்துக்கே எஜமான். அதனால் திரையைப் பிடிக்க நினைத்தவர்கள் நினைவகத்தில் ஒரு மூலையில் தங்கிக் காத்திருக்கும் குட்டி நிரல்களை எழுதினார்கள். குறிப்பிட்ட விசையை அழுத்தினால் அது விழித்துக்கொண்டு, கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தைப் படித்து, கோப்பாக எழுதிவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும்.

விளையாட்டுகளிடம் இது அடிக்கடி தோற்றது. பல விளையாட்டுகள் கீபோர்டைத் தாங்களே முழுசாக எடுத்துக்கொண்டன. விசையை அழுத்திய சேதி காத்திருக்கிறவனுக்குப் போய்ச் சேராது. போனாலும் அடுத்த தொல்லை காத்திருக்கும். 1987-இல் வந்த விஜிஏ கார்டின் 320×200 முறையில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட், மொத்தம் 64,000 பைட், வரிசையாகப் படித்துவிடலாம். ஆனால் 1991-இல் மைக்கேல் அப்ராஷ் எழுதிப் பிரபலமாக்கிய 'மோட் எக்ஸ்' முறையில் அதே நினைவகம் நான்கு அடுக்காகப் பிரிந்துவிடும். இது தெரியாமல் நேராகப் படித்தால் படம் சிதைந்துதான் வரும்.

வண்ணமும் அப்படித்தான். நினைவகத்தில் இருப்பது 0 முதல் 255 வரை வெறும் எண். எண் 14 மஞ்சளா பச்சையா என்பது கார்டில் தனியாக உள்ள வண்ணப் பட்டியலைப் பொறுத்தது. சாத்தியமான 2,62,144 நிறங்களில் எந்த 256 என்பதை ஒவ்வொரு நிரலும் தானே முடிவு செய்யும். பட்டியலைச் சேர்த்து எடுக்காவிட்டால் படத்துக்கு நிறமே இல்லை.

உள்ளே இருக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியும், வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. அதனால் நம்பகமான ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் நிரலுக்குள்ளிருந்தே வந்தது. 1993-இல் வெளியான டூம் விளையாட்டை '-devparm' என்ற சொல்லோடு தொடங்கினால், எஃப்1 விசை திரையை பிசிஎக்ஸ் கோப்பாக எழுதிவிடும்.

நடுவில் வந்த விண்டோஸ்

விண்டோஸ் வந்த பிறகு திரைக்கு எஜமான் விண்டோஸ். பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தினால் படம் கிளிப்போர்டுக்குப் போகும். ஆனால் வேகம் வேண்டும் என்று கேட்ட விளையாட்டுக்காரர்களுக்காக 1995-இல் டைரக்ட்எக்ஸ் வந்தது. அதில் ஒரு நிரல் முழுத்திரையையும் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் விண்டோஸ் தன் கையில் உள்ள திரையைப் படம்பிடிக்கும், விளையாட்டோ வேறு இடத்தில் வரைந்துகொண்டிருக்கும். கறுப்புச் சதுரம் பிறந்தது இப்படித்தான். வீடியோ பிளேயரைப் படம்பிடித்தால் கறுப்பாக வந்ததும் இதே குடும்பத்துக் கோளாறு: வீடியோவை கார்டு கடைசி நொடியில் மேலே ஒட்டும், விண்டோஸ் அதைப் பார்த்ததே இல்லை.

2007-இல் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தபோது நிலைமை இன்னும் மாறியது. எல்லாச் சன்னல்களையும் விண்டோஸே சேர்த்துக் கோத்துத் திரையில் காட்டத் தொடங்கியது. புது டிரைவர்களோடு டாஸ் சன்னலை முழுத்திரை ஆக்கவே முடியாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரல்கள் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான். 256 வண்ண விளையாட்டுகள் ஓடினாலும், வண்ணப் பட்டியலை விண்டோஸ் தன்னுடையதோடு கலந்துவிடும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் தண்ணீர் ஊதாவாகவும் புல் சிவப்பாகவும் தெரிந்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

எமுலேட்டர் தந்த வழி

2002-இல் முதலில் வெளியான டாஸ்பாக்ஸ் இந்தச் சண்டையை வேறு விதமாக முடித்தது. அது பழைய கணினியாகவே நடிக்கிறது. கார்டின் நினைவகம், வண்ணப் பட்டியல், அடுக்குகள் எல்லாம் அதன் கையில். கன்ட்ரோல்+எஃப்5 அழுத்தினால் பிஎன்ஜி கோப்பு தயார். விர்ச்சுவல்பாக்ஸிலும் ஹோஸ்ட் விசையோடு 'E' அழுத்தினால் உள்ளே ஓடும் கணினியின் திரை கிடைக்கும். விண்டோஸ் 95 காலத்து விளையாட்டு என்றால் டிஜிவூடூ 2, சிஎன்சி-டிடிரா போன்ற இடைநிலை நிரல்கள் பழைய டைரக்ட்டிரா கட்டளைகளைப் புது முறைக்கு மாற்றித் தரும். சன்னலுக்குள் ஓட்டிவிட்டால் சாதாரண பிரின்ட் ஸ்கிரீனே போதும்.

1999-இல் தொடங்கிய மோபிகேம்ஸ் தளத்தில் இன்று குவிந்திருக்கும் படங்களையும், 2015-இல் இன்டர்நெட் ஆர்கைவ் 2,000-க்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளை பிரவுசரிலேயே ஓட விட்டதையும் பார்க்கும்போது, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும். தீரலைங்க.

தட்டையான நிலா

320×200 படத்தை அன்று காட்டியது 4:3 மானிட்டர். அதில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருந்தது. இன்றைய திரையில் புள்ளி சதுரம். அதே எண்களை அப்படியே போட்டால் படம் மேலிருந்து அமுங்கிவிடும். முகங்கள் உப்பும், நிலா தட்டையாகும். குறுக்கே 5 மடங்கு, நெடுக்கே 6 மடங்கு பெரிதாக்கினால் 1600×1200 வரும். அன்று மானிட்டர் காட்டிய விகிதம் அதுதான். ஆனால் எல்லாரும் இதைக் கணக்கில் வைத்து வரைந்தார்கள் என்று சொல்ல முடியாது. படத்தில் வட்டமாக இருந்தே ஆகவேண்டிய ஒன்றைத் தேடிப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

சிஜிஏ கார்டு இன்னும் மோசம். 1984-இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட் மாதிரி விளையாட்டுகள் ஒரு தந்திரம் செய்தன. நினைவகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள்தான் இருக்கும். காம்போசிட் கம்பி வழியாக அமெரிக்க என்டிஎஸ்சி டிவிக்குப் போனால் அந்தக் கோடுகள் கலந்து 16 வண்ணமாகத் தெரியும். நினைவகத்தைப் படம்பிடித்தால் கோடு, டிவியைப் படம்பிடித்தால் வண்ணம். இரண்டும் உண்மை, ஆனால் ஆட்டக்காரர் பார்த்தது இரண்டாவதை.

நம் எழுத்து எங்கே இருந்தது?

எழுத்து வடிவம் கார்டில் இருந்தது என்று மேலே சொன்னேன் இல்லையா? இந்திய மொழிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஐஐடி கான்பூரில் தொடங்கி சிடாக் வளர்த்த ஜிஸ்ட் கார்டு, டாஸில் ஓடிய ஆங்கில நிரல்களிலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டியது. நிரல் கையாண்டது 'இஸ்கி' குறியெண்களை. இந்தக் குறியீட்டு முறை 1991-இல் இந்தியத் தரமாக வெளியானது. க, கி, கூ என்று உருவம் கொடுத்தது கணினிக்குள் செருகிய அந்தக் கார்டு.

இப்போ அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றை, கார்டு இல்லாமல், எமுலேட்டரில் திறந்தால் என்ன ஆகும்? அதே குறியெண்களுக்கு ஐபிஎம் எழுத்துருவில் உள்ள கட்டக் கோடுகளும் கிரேக்க எழுத்துகளும் தெரியும். எமுலேட்டர் துல்லியமாகத்தான் வேலை செய்கிறது, ஸ்கிரீன்ஷாட்டும் பழுதில்லை. ஆனால் ஒரு அலுவலகத்தில் ஒருவர் தமிழில் பார்த்த திரை அது இல்லை. எழுத்துகளை இஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி மீட்டுவிடலாம். அன்றைய வளைவும் இடைவெளியும் அப்படி மீளாது.

ஆகவே என் ஆய்வுக் குறிப்புகளில் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழேயும் சில வரி சேர்க்கிறேன்: எந்த நிரல், எந்தப் பதிப்பு, எமுலேட்டரா நிஜ இயந்திரமா, எந்தக் கார்டு, விகிதம் திருத்தியதா இல்லையா. திருத்தாத மூலப் படத்தையும் திருத்தியதையும் தனித்தனியாக, பிஎன்ஜியில்தான் வைக்கிறேன். ஜேபெக் புள்ளிகளின் ஓரத்தைக் கலக்கிவிடும்.

ஜிஸ்ட் கார்டோடு ஒரு பழைய கணினி உங்களுக்குத் தெரிந்த அச்சகத்திலோ அலுவலகத்திலோ தூசி படிந்து கிடந்தால், மானிட்டர் உயிரோடு இருக்கும்போதே போய் ஓட்டிப் பாருங்கள். நிரலை நகல் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். அறையை இருட்டாக்கி, முக்காலி வைத்து, அந்தத் திரையை கேமராவிலும் எடுத்துவிடுங்கள்.