கொசுவுக்கு யார் பொறுப்பு?

ராயபுரம், திருவொற்றியூர் ஒண்டுக்குடித்தனங்களில் எலி, கொசு என்று முறையிட்டால், "உங்க ஆளுங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்கிறார் வீட்டுக்காரர். அந்தப் பதிலில் இருப்பது சாதி. சட்டத்தின் வரலாறு வேறு. 1939இல் வந்த சென்னை பொது சுகாதாரச் சட்டம், கொசு பெருகும் நீரை அகற்றச் சொல்லி உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ நோட்டீஸ் தரும் அதிகாரத்தைச் சுகாதார அதிகாரிக்குக் கொடுத்தது. அந்த 'அல்லது' எப்போதும் ஏழையின் தலையிலேயே விடிகிறது.

2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கட்டடப் பழுது, குழாய் மாற்றுவது ஆகியவற்றை உரிமையாளர் பொறுப்பாகவும், வடிகால் சுத்தத்தை வாடகைதாரர் பொறுப்பாகவும் பிரிக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்கிறது. நம் மக்களில் பலருக்கு வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். ஆனால் சுகாதாரச் சட்டத்தின்படி கொசுவைப் பற்றி முறையிட ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை.

தோழர்களே, எலி விரிசலில் நுழைகிறது; கொசு ஒழுகும் குழாயடியில் பெருகுகிறது. எந்தச் சுவர், எந்தக் குழாய் என்று எழுதிக் கொடுங்கள். பேச்சு நம் சுத்தத்தை விட்டு அவர் கட்டடத்துக்குத் திரும்பட்டும்.