80 டாலர் ஏர்க்குதிரை

எங்க அப்பா மாடு பிடிக்கப் போனா முதல்ல சுழி பார்ப்பார். அப்புறம் நிறம், கொம்பு, திமில். ஏர்ல எப்படி நடக்கும்ங்கிறது கடைசியாத்தான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுல கூடுற குதிரைச் சந்தையிலும் இதே பேச்சுத்தான் ஓடும். ஒருதடவை அங்கே என்கூட வந்த சென்னை நண்பரோட பையன் கேட்டான்: "அங்கிள், போட்டியில ஜெயிக்கணும்னா எந்தக் கலர் குதிரை வாங்கணும்? ஒசத்தி ஜாதிதான் ஜெயிக்குமா?"

அன்னிக்கு ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். அப்புறம் தேடிப் படிச்சப்ப கிடைச்சது ஒரு ஏர்க்குதிரையோட கதை.

1956 பிப்ரவரி. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம், நியூ ஹாலண்ட் குதிரை ஏலம். நெதர்லாந்துல இருந்து குடியேறின ஹாரி டி லேயர்ங்கிறவர், ஒரு பள்ளிக்கூடத்துல பெண் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தார். அதுக்குக் குதிரை வாங்க வந்தவர், வழியில தாமதமாகி, ஏலம் முடிஞ்ச பிறகுதான் வந்து சேர்ந்தார். மிச்சம் இருந்த குதிரைகளை அறுப்புக்கு லாரியில ஏத்திட்டாங்க. அதுல அழுக்கேறின சாம்பல் வெள்ளைக் குதிரை ஒண்ணு. உடம்புல ஏர் பூட்டின தழும்பு. 80 டாலர் கொடுத்து இறக்கினார். நம்ம ஊர்க் கணக்குல அடிமாட்டு விலை.

ஏர்க்குதிரை எப்படி அந்த லாரிக்கு வந்ததுன்னு நமக்குச் சொல்லவே வேண்டாம். டிராக்டர்தான். 1915 வாக்குல அமெரிக்காவுல குதிரையும் கோவேறு கழுதையுமா இரண்டரைக் கோடிக்கு மேல இருந்துச்சு. 1960ல் அது 30 லட்சம் அளவுக்கு இறங்கிடுச்சு.

குழந்தைங்க அந்தக் குதிரைக்கு வெச்ச பேர் ஸ்னோமேன். சாதுவான குதிரை. பிள்ளைங்க பயமில்லாம ஏறிப் பழகினாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஹாரி அதைப் பக்கத்துல இருந்த ஒரு டாக்டருக்கு வித்துட்டார். ஆனா குதிரை வேலியைத் தாண்டித் தாண்டி ஹாரி வீட்டுக்கே திரும்பி வந்துச்சு. அப்பத்தான் அவருக்கு உறைச்சது, 'இவ்வளவு உயர வேலியை இது எப்படித் தாண்டுது?'ன்னு. திரும்ப வாங்கிப் பழக்கினார். 1958ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன்ல நடந்த தேசியக் குதிரைக் காட்சியில, தடை தாண்டும் போட்டியில ஸ்னோமேன் சாம்பியன். லாரியில இருந்து இறங்கி 3 வருஷம்கூட ஆகலை. 1959லும் அதுவே சாம்பியன்.

அதிர்ஷ்டம்னு நினைக்காதீங்க. தடை தாண்டும் போட்டியோட கணக்கு அப்படி. இன்னிக்கு இருக்கிற விதிப்படி, கட்டையைத் தட்டிவிட்டா 4 குற்றப்புள்ளி. அதுக்கு மேல நேரம். அவ்வளவுதான். அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு கட்டை கேட்காது. 1956 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ல ஜெர்மனிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த ஹல்லா, வண்டிப் பந்தயக் குதிரை வம்சத்துல வந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கின ஸ்ட்ரோலர் ஒரு மட்டக்குதிரை. உயரம் நாலே முக்கால் அடி. ஓட்டினது மரியன் கோக்ஸ்ங்கிற இங்கிலாந்துப் பொண்ணு.

அப்ப இனம் பார்க்கிறதே வீணா? அப்படியும் இல்லைங்க. வேலையைப் பொறுத்தது. தரோபிரெட் ரேஸ்னா அந்த இனம்தான் ஓடணும். தாய், தகப்பன் ரெண்டும் பதிவேட்டுல இருக்கணும். ஒரே நாள்ல 160 கிலோமீட்டர் ஓடுற நெடுந்தூரப் போட்டின்னா அரபுக் குதிரை கைதான் ஓங்கும். இனம் ஒரு கூட்டத்தோட குணத்தைச் சொல்லும். உங்க முன்னாடி நிக்கிற ஒத்தைக் குதிரையோட மனசைச் சொல்லாது.

நிறம்? அதுக்கு மதிப்பே கிடையாது. சொல்லப்போனா அது நிலையாவும் நிக்காது. ஸ்னோமேன் மாதிரி வெள்ளையாத் தெரியிற குதிரைங்க பெரும்பாலும் குட்டியில கருப்பாவோ செம்பழுப்பாவோதான் பிறக்கும். வருஷம் ஆக ஆக வெளுக்கும். நம்ம காங்கேயம் கன்னு செவலையாப் பிறந்து ஆறு மாசத்துல நிறம் மாறுற மாதிரி.

பெரிய தொகைக்குக் கேட்டும் ஹாரி அந்தக் குதிரையைக் கடைசிவரை விக்கலை. 1974ல் அது செத்துச்சு.

இதையெல்லாம் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. நான் சின்னப் பையனா இருக்கிறப்ப எங்க கட்டுத்தறியில ஒரு செவலைக் காளை இருந்துச்சு. சால் கோணாம உழும். நான் வயித்துக்கடியில புகுந்து வந்தாலும் காலைத் தூக்காது. டிராக்டர் வந்ததும் விக்க வேண்டியதாச்சு. சுழி சரியில்லைன்னு எந்தக் குடியானவனும் வாங்கலை. கடைசியில அடிமாட்டு லாரிதான்.

அந்த லாரியை யாரும் நிறுத்தலைங்க.